அல்வாவை விடாமல், பாதியில் விட்ட எடைக் குறைப்புக்குத் திரும்புவது எப்படி

மாசி முதல் வாரம் எடை பார்த்தேன், 81 கிலோ. தீபாவளிக்கு முன்னால் இதே மெஷினில் 75. இடையில் தீபாவளி, கார்த்திகை, பொங்கல், அப்புறம் தை மாதத்தில் மட்டும் ஐந்து கல்யாணம். ஒன்றரை வருடம் பார்த்துப் பார்த்து 86-லிருந்து 75-க்கு இறக்கிய எடையில் பாதிக்கு மேல் மூன்றரை மாதத்தில் திரும்பிவிட்டது. இந்த இடத்தில் இப்போது நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் தடவை தொடங்குவதைவிட இரண்டாம் தடவை தொடங்குவது மனதுக்குக் கஷ்டம், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் பாளையங்கோட்டைக்காரன், சென்னையில் வேலை. ஊரிலிருந்து யார் வந்தாலும் கையில் அரைக் கிலோ அல்வா இருக்கும். வெறுங்கையோடு வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. முதல் தடவை எடை குறைத்தபோது அல்வாவை முழுக்க நிறுத்தியிருந்தேன், வந்த பொட்டலத்தைப் பிரிக்காமலே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். ஒன்றரை வருடம் அப்படி இருந்துவிட்டு தீபாவளி அன்று ஒரு துண்டு வாயில் போட்டதும், அதுவரை கட்டிக் காத்தது எல்லாம் உடைந்துவிட்டதாக ஒரு எண்ணம் வந்தது பாருங்கள், அந்த எண்ணம்தான் தை கடைசி வரை என்னைச் சாப்பிட வைத்தது. இந்தத் தடவை அல்வா சாப்பிட்டுக்கொண்டே குறைக்கிறேன். ஆனி வரைக்கும் 4.5 கிலோ இறங்கியிருக்கிறது. மெதுவாகத்தான், ஆனால் ஒரு நாள்கூட ஏங்கிக்கொண்டு படுக்கவில்லை.

முதல் வாரம் மெஷின் காட்டும் எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

விருந்துக் காலம் முடிந்த மறுநாள் எடை பார்த்தால் இருப்பதைவிட மோசமாகத்தான் தெரியும். காரணம் தண்ணீர். நாம் சாப்பிடும் சோறு, இனிப்பில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது, எல்லாம் சேர்த்து சுமார் அரைக் கிலோ வரை. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். அதோடு ஊறுகாய், அப்பளம், மிக்சர் என்று உப்பு கூடினால் அதற்கும் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. மூன்று நாள் கல்யாண வீட்டில் இருந்துவிட்டு வந்து 2 கிலோ கூடியிருந்தால், அது முழுக்கக் கொழுப்பாக இருக்க உங்கள் தேவைக்கு மேல் 15,000 கலோரிக்குமேல் சாப்பிட்டிருக்க வேண்டும். மூன்று நாளில் யாராலும் சாதாரணமாக அவ்வளவு சாப்பிட முடியாது. ஆகவே முதல் ஒரு வாரம் எதையும் குறைக்க வேண்டாம், வீட்டுச் சாப்பாட்டை வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு சாப்பிடுங்கள். எட்டாம் நாள் காலை வெறும் வயிற்றில் பார்க்கும் எடைதான் உங்கள் உண்மையான தொடக்கம். எனக்கு 81 காட்டியது அந்த வாரக் கடைசியில் 79.6 ஆனது, நான் எந்தப் பத்தியமும் இருக்கவில்லை.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. முதல் வாரத்திலேயே சோற்றை நிறுத்திவிட்டு "ஏழு நாளில் 3 கிலோ குறைந்தது" என்று சந்தோஷப்படுகிறவர்களுக்குப் போனதும் பெரும்பாலும் இதே தண்ணீர்தான். மறுபடி சோறு சாப்பிட்டதும் அது வந்துவிடும், வந்ததும் மனசு உடைந்துவிடும்.

"இன்னைக்குப் போச்சு" என்ற நினைப்பு

1975-இல் ஹெர்மன், மாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சுவை பார்க்கும் சோதனை என்று சொல்லி மாணவிகளில் சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. அப்புறம் எல்லோர் முன்னாலும் ஐஸ்கிரீமை வைத்து வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். உணவைப் பற்றிக் கட்டுப்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாதவர்கள், ஏற்கெனவே மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எடைக்குப் பயந்து எப்போதும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நேர்மாறாக, மில்க் ஷேக் குடித்த பிறகுதான் ஐஸ்கிரீமை அதிகம் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு ஒரு தடவை உடைந்ததும், இனி என்ன இருக்கிறது என்ற நினைப்பு. இதைப் படித்தபோது எனக்கு என் தீபாவளி ஞாபகம் வந்தது.

ரொம்பக் குறைத்துச் சாப்பிடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1944-45-இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான ஆண்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து ஆறு மாதம் அரை வயிற்றுக்குச் சாப்பிட வைத்துக் கவனித்தார். அவர்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள், சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு மன உறுதி குறைவு என்று சொல்ல முடியாது. பசித்த உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். அதனால் காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் மட்டும் குடித்துவிட்டு மதியம் வரை இருப்பது, ராத்திரி பட்டினி, இப்படியெல்லாம் மறு தொடக்கத்தைத் தண்டனையாக ஆரம்பிக்காதீர்கள். இரண்டு வாரம் போகும், மூன்றாவது வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு டப்பாவைத் திறக்க வைக்கும்.

ஒரு நோட்டு, பத்து நாள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பத்து நாள், மூன்று வேளைச் சாப்பாடு தவிர வாயில் போட்ட ஒவ்வொன்றையும் எழுதுங்கள். டீயோடு பிஸ்கட், அலுவலகத்தில் யாரோ பிறந்தநாளுக்கு வெட்டிய கேக், டிவி பார்க்கும்போது மிக்சர், குழந்தை தட்டில் மிச்சம் வைத்த பூரி, எல்லாம். கலோரி எழுத வேண்டாம். பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு: இதை நான் ஆசைப்பட்டுச் சாப்பிட்டேனா, கண் முன்னால் இருந்ததால் சாப்பிட்டேனா.

எனக்குப் பத்து நாளில் 52 பதிவு வந்தது. அதில் உண்மையிலேயே ஆசைப்பட்டுச் சாப்பிட்டது 9. அல்வா மூன்று தடவை, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, ஒரு நாள் வாழைப்பூ வடை, இப்படி. மீதி 43-ம் எனக்குப் பிடித்த பண்டங்களே இல்லை! மாலை நான்கு மணிக்கு எல்லோரும் டீ குடிக்கப் போகிறார்கள் என்று போய், எல்லோரும் சாப்பிடுகிறார்கள் என்று எடுத்த ஆறின சமோசா. விருந்தாளிக்கு வைத்த தட்டில் மிஞ்சிய சீவல். ஆறு கிலோவை அல்வா ஏற்றிவிட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஏற்றியது இந்த நாற்பத்து மூன்று.

இதைப் பார்த்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது. உங்கள் நோட்டிலிருந்து, விடவே முடியாத மூன்று பண்டங்களை எடுத்துத் தனியாக எழுதுங்கள். மூன்றுதான், ஐந்து ஆறு என்று நீட்டாதீர்கள். என்னுடையது அல்வா, பிரியாணி, மழை நாளில் வடை. உங்களுக்கு அது மணப்பாறை முறுக்காக இருக்கலாம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவாக இருக்கலாம், தெருமுனைக் கடை பரோட்டாவாகவும் இருக்கலாம், எதுவானாலும் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்த மூன்றும் உங்கள் வாரத்தில் நிச்சயம் இருக்கும். மற்றவை எல்லாம் யாராவது நீட்டினால் "இப்ப வேண்டாம்" என்று சொல்லும் பட்டியலில். முழுக்கத் தடை போட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்வது ஏக்கமாக இருக்கும். சனிக்கிழமை அல்வா இருக்கிறது என்று தெரிந்திருக்கும்போது புதன்கிழமை கிரீம் பிஸ்கட்டை விடுவது அப்படி ஒன்றும் கஷ்டமாக இல்லை.

கணக்கு

ரொம்ப நுணுக்கமாகப் போக வேண்டாம், ஆனால் கணக்கே இல்லாமலும் முடியாது. எடை மாறாமல் இருக்க எனக்கு நாளுக்கு சுமார் 2,200 கலோரி வேண்டும் என்று வைத்துக்கொண்டு 1,800 சாப்பிடுகிறேன். தினம் 400 குறைந்தால் வாரத்துக்கு 2,800, அதாவது மூன்றில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். காகிதத்தில் போட்ட கணக்கைவிட உடம்பு மெதுவாகத்தான் போகும், எடை இறங்க இறங்க உடம்பின் தேவையும் குறையும், அதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். உங்கள் உயரம், வயது, வேலையைப் பொறுத்து இந்த எண்கள் மாறும், ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு 1,800 அதிகமாகவே இருக்கலாம்.

வாரம் முழுவதற்கும் எனக்கு 12,600 கலோரி. அதில் பத்தில் ஒரு பங்கை, சுமார் 1,200-ஐ, அந்த மூன்று பண்டங்களுக்கென்று ஒதுக்கிவிடுகிறேன். 50 கிராம் அல்வாத் துண்டுக்கு 200 என்று கணக்கு வைத்திருக்கிறேன், நெய் தாராளமாக விடும் கடை என்றால் இன்னும் கூடும். வாரத்துக்கு இரண்டு துண்டு 400. மிச்சம் 800-இல் ஞாயிறு பிரியாணி, எப்போதாவது வடை. பாக்கெட்டில் வரும் பண்டம் என்றால் பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். முறுக்கு, சேவு போன்ற எண்ணெய்ப் பலகாரங்களில் 100 கிராமில் ஏறக்குறைய 500 கலோரி இருக்கும், அதனால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடக் கூடாது, தட்டில் எடுத்துப் போட்டுவிட்டு பாக்கெட்டை உள்ளே வைத்துவிட வேண்டும்.

வெல்லத்தில் செய்தது, கருப்பட்டியில் செய்தது என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரை 100 கிராமில் சுமார் 400 கலோரி என்றால் வெல்லத்தில் 380-ஐ ஒட்டி. எடைக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். கருப்பட்டி மிட்டாயை அதன் மணத்துக்காகச் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு நான்கு சாப்பிடாதீர்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் அப்படித்தான், கடலையில் புரதம் உண்டு, நல்ல பண்டம், ஆனால் ஒரு பாக்கெட் என்பது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமமாகிவிடலாம்.

ஒதுக்கிய பங்குக்கான இடம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் டீயிலிருந்தும் எண்ணெய்ச் சட்டியிலிருந்தும். ஒரு டீஸ்பூன் சர்க்கரை 5 கிராம், 20 கலோரி. நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாள் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள், முடிந்தால் ஐந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. ஐந்து சதவீதம் என்பது சுமார் 25 கிராம். டீயிலேயே 40 போய்விட்டால் அல்வாவுக்கு எங்கே இடம். நான் நான்கு டீயை இரண்டாக்கினேன், இரண்டு ஸ்பூனை ஒன்றாக்கினேன். முதல் பத்து நாள் டீ டீயாகவே இல்லை, அப்புறம் நாக்கு பழகிவிட்டது. எண்ணெயைப் பொறுத்தவரை, பாட்டிலிலிருந்து நேரே தோசைக்கல்லில் ஊற்றாமல் கரண்டியில் அளந்து ஊற்றினாலே போதும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, நல்லெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ, எதுவானாலும்.

அல்வா சாப்பிடும் முறை

திருநெல்வேலியில் அல்வாவை எப்படிச் சாப்பிடுவார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? சுடச்சுட 50 கிராமோ 100 கிராமோ ஒரு வாழை இலைத் துண்டில் வாங்கி, கடை வாசலிலேயே நின்று சாப்பிட்டுவிட்டு, இனிப்பு திகட்டாமல் இருக்க மேலே ஒரு கை மிக்சர் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அளவு, நேரம், முடிவு மூன்றும் அதிலேயே இருக்கிறது. பிரச்சினை அரைக் கிலோவாக வீட்டுக்கு வரும்போதுதான்.

அரைக் கிலோ வந்தால் நான் செய்வது இது. வந்த அன்றே பிரித்து, சமையலறைத் தராசில் ஒரு தடவை 50 கிராம் எடை போட்டுப் பார்த்து, அந்த அளவுக்குப் பத்துத் துண்டாக வெட்டிவிடுவேன். 50 கிராம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் தராசு வேண்டாம். அன்றைக்கே நான்கு துண்டு அக்கம்பக்கம், இரண்டு மகளுக்கும் மனைவிக்கும், நான்கு எனக்கு, இரண்டு வாரத்துக்கு. சம்பா கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் போட்டுக் கிண்டிய அல்வா உடனே கெட்டுப்போவதில்லை, ஆகவே வீணாகிவிடுமே என்று அவசரமாகத் தின்ன வேண்டியதில்லை. டப்பாவைச் சாப்பாட்டு மேசையில் வைக்காமல் மேல் தட்டில், கண்ணுக்குப் படாத எவர்சில்வர் தூக்கில் வையுங்கள். ஸ்டூல் போட்டு ஏறி எடுக்க வேண்டும் என்றாலே பாதி தடவை வேண்டாம் என்று தோன்றிவிடும்.

சாப்பிடும் நேரம் மதியச் சாப்பாடு முடிந்த உடனே. பசியோடு இருக்கும் மாலை ஐந்து மணிக்கு ஒரு துண்டோடு நிறுத்துவது ரொம்பக் கஷ்டம், வயிறு நிறைந்திருக்கும்போது ஒரு துண்டு போதும். சின்னத் தட்டில் வைத்து, உட்கார்ந்து, ஃபோனைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். சமையலறையில் நின்றுகொண்டே விரலால் கிள்ளிக் கிள்ளித் தின்பது இருக்கிறதே, அதில் 50 கிராம் உள்ளே போனதே தெரியாது, ருசியும் கிடைத்திருக்காது. முக்கியமாக, ஒளித்துச் சாப்பிடாதீர்கள். வீட்டில் எல்லோர் முன்னாலும், இது என் சனிக்கிழமை அல்வா என்று சொல்லிச் சாப்பிடுங்கள்.

சாப்பாட்டை எப்படி மாற்றுவது

மூன்று வேளையும் வயிறு நிறைந்தால்தான் மேலே சொன்னது எதுவும் நடக்கும். நம் சாப்பாட்டில் குறைவது புரதம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை, எடை குறைக்கும்போது ஒரு கிராம் வரை வைத்துக்கொண்டால் பசி அடங்கும், தசையும் அதிகம் கரையாது. 70 கிலோ இருப்பவருக்கு 70 கிராம். நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் மட்டும் என்றால் பதினோரு மணிக்குப் பசிக்கத்தான் செய்யும். மூன்று இட்லி, சட்னிக்குப் பதில் பருப்பு தாராளமாகப் போட்ட சாம்பார், கூட ஒரு அவித்த முட்டை, அதில் மட்டும் 6 கிராம். முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது முளைகட்டிய பாசிப்பயறு.

மதியம் சோற்றை விட வேண்டாம், எனக்குச் சோறு இல்லாமல் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. ஆனால் முதலில் பொரியலையும் கூட்டையும் நிறையப் போட்டு அதில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றுக்கு வாருங்கள். வெந்த சோறு 100 கிராம் சுமார் 130 கலோரி. வீட்டில் ஒரு கிண்ணத்தை அளவாக வைத்துக்கொண்டு, குழம்புக்கு ஒன்று, மோருக்கு அரை. ரசத்துக்கென்று தனியாக ஒரு தடவை சோறு போடுவதை நான் விட்டுவிட்டேன், ரசத்தை டம்ளரில் குடிக்கிறேன். ராத்திரி என்ன சாப்பிட்டாலும் சரி, அளவு மதியத்தைவிடக் குறைவாக இருக்கட்டும்.

உபசரிப்பவர்களிடம் என்ன சொல்வது

இதுதான் நம் ஊரில் கஷ்டமான பகுதி, ஏனென்றால் நம்மிடம் சாப்பாடு என்பது அன்பு. டயட்டில் இருக்கிறேன் என்று சொன்னால் விருந்து வைத்தவர்கள் மனசு வருத்தப்படும், அதோடு பத்துப் பேர் பத்து யோசனை சொல்வார்கள். அந்த வார்த்தையையே எடுக்காதீர்கள். முதல் தடவை வைக்கும்போது மறுக்காமல் வாங்கி, ரசித்துச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மறு தடவை வரும்போதுதான் கையை இலைமேல் நீட்டி மறைக்க வேண்டும். என் அத்தை, "ஏல, இம்புட்டூண்டுதான் தின்பியா" என்பாள். "போதும் அத்தை, வயிறு நெறஞ்சுட்டு. ஒன்ன நாளைக்குக் காலைல தின்னுக்கிடுதேன்" என்பேன். அதோடு விட்டுவிடுவாள். மறுக்கவில்லை, தள்ளிப் போட்டிருக்கிறேன், அது அவளுக்குப் போதும். மறுநாள் காலை உண்மையிலேயே ஒரு சின்னத் துண்டு சாப்பிடவும் செய்வேன், அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வராது.

கல்யாணப் பந்தியில் இலையில் இருக்கும் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று இல்லை, ஆனால் வீணாக்கவும் கூடாது. அதனால் பரிமாறும்போதே "பாதி வைங்க" என்று சொல்லிவிடுங்கள். எனக்குப் பாயசம் வேண்டும், ஜிலேபி வேண்டாம், அப்பளம் ஒன்று போதும். பந்திக்குப் பட்டினியாகப் போகாதீர்கள், அரை மணிக்கு முன்னால் ஒரு டம்ளர் மோராவது குடித்துவிட்டுப் போங்கள்.

ஒரு நாள் அளவு மீறிவிட்டால்

மீறும். சித்திரையில் எனக்கு ஒரு குடும்ப விழாவில் மீறியது, அன்றைக்குச் சாப்பிட்டது 3,000 கலோரிக்குக் குறையாது. மறுநாள் என்ன செய்தேன் என்றால், வழக்கமான இட்லி, வழக்கமான சோறு. பட்டினி இல்லை, கூடுதல் நடையும் இல்லை. அந்த ஒரு நாளில் என் தேவைக்குமேல் போனது சுமார் 800 கலோரி, அது சுமார் 100 கிராம் கொழுப்புக்குத்தான் சமம். பட்டினி கிடந்து அதை ஈடுகட்டப் போனால் மாலை ஆறு மணிக்குப் பசி வெடித்து இரண்டாவது நாளும் போய்விடும். திங்கட்கிழமையிலிருந்து, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து என்று நாள் குறிக்காதீர்கள். அடுத்த வேளைச் சாப்பாட்டிலிருந்து, அவ்வளவுதான்.

நடந்து கழித்துவிடலாம் என்று பண்டத்தையும் நடையையும் பண்டமாற்று செய்வதும் வேண்டாம். ஒரு துண்டு அல்வாவைக் கழிக்க முக்கால் மணி நேரமாவது வேகமாக நடக்க வேண்டியிருக்கும். நடை நடைக்காகவே இருக்கட்டும்: வாரத்துக்கு 150 நிமிடம், இரண்டு நாள் தசைக்கான பயிற்சி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவதில் தொடங்கினால்கூடப் போதும். சாப்பிட்டதும் பத்து நிமிடம் மொட்டை மாடியில் நடப்பது ரத்தச் சர்க்கரைக்கு நல்லது. தூக்கம் ஏழு மணி நேரம். தூக்கம் கெட்ட மறுநாள் இனிப்பு கேட்கும், நோட்டில் எழுதினால் உங்களுக்கே தெரியும்.

எடையைத் தினம் பார்ப்பது, வாரம் ஒரு தடவை பார்ப்பது இரண்டில் எது உங்களைக் கலங்க வைக்கவில்லையோ அதைச் செய்யுங்கள். அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய ஒரு பதிவேட்டில், 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடமாவது அதைக் காத்தவர்களைச் சேர்த்துக் கவனித்து வருகிறார்கள், அவர்களில் நான்கில் மூன்று பேர் வாரம் ஒரு தடவையாவது எடை பார்ப்பவர்கள். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டித் தண்ணீர் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும், அந்த வாரத்தைப் போன மாதத்து அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு இன்ச் டேப்பும் வாங்கி வையுங்கள். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண் என்றால் 90, பெண் என்றால் 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. முதல் இலக்கு உங்கள் எடையில் ஐந்து சதவீதம் மட்டும். எனக்கு அது 4 கிலோ. அந்த அளவுக்கே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நீங்களும் அதில் ஒருவர் என்றால் என் அல்வாக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும், மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், முன்பு எப்போதாவது அடக்க முடியாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தவர்கள், இவர்களும் தனியாக இதைச் செய்ய வேண்டாம்.

தீபாவளிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, ஆனால் இப்போதே மனைவியும் நானும் பேசிவிட்டோம். ஏழு வகைப் பலகாரத்துக்குப் பதில் மூன்று வகை: அதிரசம், முறுக்கு, அல்வா. அதுவும் எண்ணிச் சுட்டு, வீட்டுக்கு இத்தனை, கொடுக்க இத்தனை என்று அன்றைக்கே பிரித்துவிடுவது. கடையில் கலவையாக வாங்கும் இனிப்புப் பெட்டி இந்த வருடம் கிடையாது, அதில் எனக்குப் பிடித்தது ஒன்றுகூட இருந்ததில்லை. நேற்றுக் காலை நெல்லை எக்ஸ்பிரஸில் மாமா பையன் வந்தான், கையில் வழக்கம்போல் அரைக் கிலோ. பத்துத் துண்டு போட்டாயிற்று, என் பங்கு நான்கும் மேல் தட்டில் இருக்கிறது. இன்று வியாழன், நாளை மறுநாள் மதியம் சாப்பிட்டதும் ஒன்றை எடுக்கப் போகிறேன்.